ரெண்டு கோட்டு

மகள் ஊரைவிட்டுக் கிளம்பிய அந்தச் செவ்வாய்க்கிழமை, ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் கார் மூன்று முறை நடுத்தெருவில் நின்றது. வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. ஓட்டியவள் மகள். பக்கத்து இருக்கையில் அம்மா. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக் கார் அது. சொல்லிக்கொடுக்கிறவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும்.

"அம்மா, காலை எடு."

"நான் எங்கடி வச்சேன்?"

"அப்ப வண்டி தானா நின்னுச்சா?"

"குறுக்க நாய் வந்துச்சு."

"அது பிளாட்பாரத்துல தூங்கிட்டு இருக்கும்மா."

"எழுந்து வந்தா?"

மூன்றாம் முறை நின்றபோது பின்னால் வந்த பேருந்துக்காரர் ஹாரனிலேயே நாலு வார்த்தை திட்டினார். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொண்ணு ஊரைவிட்டுப் போறான்னா, அழுது தடுக்கிற அம்மாவைப் பார்த்திருக்கேன், சாமான ஒளிச்சு வைக்கிற அம்மாவைப் பார்த்திருக்கேன். பிரேக் போட்டுத் தடுக்கிற அம்மா நீ ஒருத்திதான்" என்றாள்.

தடுத்து என்ன பிரயோஜனம். ரயில்காரர்கள் அம்மாவின் காலடியில் பிரேக் வைக்கவில்லை. மூட்டையைவிட ஒல்லியான அந்தப் பெண் ஏறிப் போய்விட்டாள்.

பயிற்சிப் பள்ளியில் அம்மாவுக்குப் பெயர் பிரேக் அக்கா. வண்டி பழக வருகிறவர்கள் வைத்த பெயர், அவர்கள் உரிமம் வாங்கிப் போன பிறகும் நிலைத்துவிட்டது. வருஷக்கணக்காக அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து, அவள் வலது கால் தனி மனுஷியாகவே ஆகிவிட்டிருந்தது. சினிமா பார்த்தாலும் அழுத்தும். யாராவது வேகமாகப் பேசினாலும் அழுத்தும். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் அவள் கணவர் தன் கால்விரல்களைச் சுருட்டி வைத்துக்கொண்டே சாப்பிடுவார்.

அந்தக் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "நான் மேல கீழ போற ஆளு, இவ முன்ன பின்ன போற ஆளு. எங்களுக்கு நடுவுல பொறந்தது எல்லாப் பக்கமும் போகுது" என்பார். மகளைச் சின்ன வயதிலிருந்தே காத்தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆரம்ப சூரத்தனத்துக்குக் கையும் காலும் முளைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் அவள் அறையைப் பார்த்தால் போதும். கழுத்துத் துண்டாக ஆரம்பித்துக் கைக்குட்டை அளவில் நின்றுபோன பின்னல். 'என் பெயர்' என்ற பாடத்தோடு நின்றுபோன அயல்மொழிப் புத்தகம். கம்பி கட்டாத கிடார். மூடி திறக்காத அக்ரிலிக் டியூப்கள் ஒரு டப்பா நிறைய. எங்கோ கீழே போட்டதில் திரையின் கீழ்ப்பாதி செத்துப்போன ஒரு பழைய லேப்டாப்.

அந்த லேப்டாப்தான் வினை. வியாழக்கிழமை சாயங்காலம் பூட்டிய அறைக்குள்ளிருந்து 'டிங்டிங்டிங்' என்று கத்தியது. நிறுத்தப் போன பிரேக் அக்கா தெரியாத்தனமாக எதையோ தட்ட, திரையில் ஒரு பெண்ணின் தலையும் தோளும் தோன்றின.

"வணக்கம் காத்தாடி! அப்ஸ்ட்ராக்ட் ஓவிய வகுப்புக்கு வாங்க!"

மகள் எப்போதோ சேர்ந்து மறந்துபோன இணைய வகுப்பு. பாடங்களைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். சேர்ந்தவர் பெயரை மட்டும் இயந்திரம் தானாக ஒட்டிவிடும் போல. பிரேக் அக்கா மூடத்தான் கையை நீட்டினாள். அதற்குள் அந்தப் பெண், "உங்களுக்கு வரையத் தெரியாதா? ரொம்ப நல்லது. இங்க எதையும் எது மாதிரியும் வரையக் கூடாது" என்றாள்.

பிரேக் அக்காவுக்கு ஒரு பூனை வரையச் சொன்னால் பானை வரும். இப்படி ஒரு வகுப்பு தனக்காகவே நடப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று உட்கார்ந்துவிட்டாள்.

திரையின் மேல்பாதி மட்டும் தெரிந்ததால், டீச்சரின் முகம் தெரியும், கை தெரியாது. கை என்ன செய்கிறது என்பதை முகத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். டீச்சர் உதட்டைக் கடித்தால் மெல்லிய தூரிகை. புருவத்தைத் தூக்கினால் தண்ணீர் கலக்கிறாள். தோள் ரெண்டும் ஆடினால் பெரிய வீச்சு. பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் முகத்தை வைத்தே அடுத்து கியர் போடுவார்களா, கத்துவார்களா என்று சொல்லிவிடுகிறவளுக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

முதல் பாடத்தில் டீச்சர் சொன்ன முதல் கட்டளை: "எந்தப் படமா இருந்தாலும், முதல்ல ரெண்டு கோட்டு போட்டு, நல்லா காய விடுங்க. அப்புறம்தான் மத்ததெல்லாம்."

ரெண்டு கோடுதானே? ஸ்கேலை வைத்து, அட்டையின் நடுவில், மேலிருந்து கீழாக, பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு கோடு போட்டாள். நேராக, சுத்தமாக. காயவிட்டாள். தாண்டக் கூடாது என்பதற்காகச் சாலை நடுவில் போட்டிருப்பார்களே, அதே ரெட்டைக் கோடு. கலைக்கும் ஒரு ஒழுங்கு வேண்டாமா, கண்டபடி போகக் கூடாதென்று சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். இடப்பக்கம் ஒரு நிறம், வலப்பக்கம் ஒரு நிறம். கோட்டில் ஒரு சொட்டு படவில்லை.

கணவர் வந்து பார்த்தார். "கோடு போடச் சொன்னா ரோடே போட்டுட்டியே."

"இது ரோடு இல்லைங்க. அப்ஸ்ட்ராக்ட். இதுல எதுவும் தெரியக் கூடாது."

"எனக்கு ரோடு தெரியுதே. இந்தப் பக்கம் ஒரு கழுதை படுத்திருக்கு பாரு."

அவருக்கு எதைப் பார்த்தாலும் எதாவது தெரியும். மேகத்தில் ஒட்டகம், சுவரில் ஈரம் படர்ந்தால் பாட்டு வாத்தியார். இந்த மனுஷனுக்கு மருந்தில்லை என்று முன்பெல்லாம் விட்டுவிடுவாள். இப்போது அவரையே பரீட்சை மிஷினாக வைத்துக்கொண்டாள். அவர் என்றைக்கு "ஒண்ணும் தெரியல" என்கிறாரோ, அன்றைக்குத் தான் தேறிவிட்டோம் என்று அர்த்தம்.

மிஷின் இரக்கமில்லாமல் வேலை செய்தது. கழுதைக்குப் பிறகு குடை. குடைக்குப் பிறகு வாயைத் திறந்த ஷூ. ஊதாவும் பச்சையும் குழைத்து அவள் ஒரு வாரம் பாடுபட்டதைப் பார்த்து, "உங்க பெரியப்பா" என்றார். மூக்கு அப்படியே இருந்தது என்பதுதான் கொடுமை.

அட்டையெல்லாம் அவர் கொண்டுவந்தவைதான். லிஃப்ட் சாமான்கள் வரும் பெட்டிகளைக் கிழித்து எடுத்து வருவார். ஆனால் அந்த அட்டை பெயிண்டைத் தாகத்தில் தவித்தவன் மாதிரிக் குடித்தது. பூசிய சிவப்பு, காய்ந்ததும் செங்கல் தூளாக வெளிறியது. மூலைகள் அப்பளம் மாதிரி சுருண்டன.

"அட்டை சரியில்லைங்க" என்றாள்.

"ஆமா, ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்."

"கோணலாத்தான இருக்கு? கண்ணு தெரியல?"

உண்மையிலேயே கோணலாகத்தான் இருந்தது. ஏன் என்று ரெண்டு பேருக்கும் தெரியவில்லை.

அக்ரிலிக்கில் இன்னொரு தொல்லை, அது யாருக்காகவும் காத்திருக்காது. 'காயறதுக்குள்ள முடிவெடுங்க' என்பாள் டீச்சர். பிரேக் அக்கா தூரிகையைத் தூக்கி, வலம் பார்த்து, இடம் பார்த்து, மறுபடி வலம் பார்ப்பதற்குள் தட்டில் பெயிண்ட் ரப்பராகிவிடும். ஒருநாள் பொறுமை போய், கழற்றிப் போட்ட பழைய வைப்பர் ரப்பரால் அட்டையை வழித்தாள். கண்ணாடியில் மழையை வழிப்பதுபோல, நீலத்துக்கு அடியிலிருந்து மஞ்சள் இழுபட்டு வந்தது. அட என்று இன்னொரு முறை வழித்தாள். அன்றிலிருந்து தூரிகையைவிட வைப்பர்தான் அவள் கைக்கு இசைந்தது. கோடு வரைக்கும் வழிப்பாள். கோட்டுக்கு முன்னால் நிறுத்திவிடுவாள். கை நின்றதும் தரையில் கால் அழுந்தும்.

ஒவ்வொரு படத்தையும் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினாள். எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருந்த காத்தாடியிடமிருந்து ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டைவிரல்.

நீலப் படத்துக்கும் அதே விரல். பெரியப்பாவுக்கும் அதே விரல். ஒருமுறை தவறுதலாகத் தண்ணீர் மோட்டாரின் படத்தை அனுப்பிவிட்டாள். அதற்கும் வந்தது.

"இவ பார்க்குறதே இல்லைங்க" என்றாள் கணவரிடம். "சின்னதுல ஒரு யானை வரைஞ்சா. அதுக்கு நான் எத்தனை கேள்வி கேட்டேன்! ஏன் அஞ்சு காலு, ஏன் சிரிக்குது, எங்க போகுதுன்னு. எனக்கு நல்லா இருக்குன்னு சொல்ல வேணாம், நல்லா இல்லைன்னும் சொல்ல வேணாம். பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கக் கூடாதா?"

"நான் கேட்கட்டுமா?"

"கேளுங்க."

"இது ஆமைதான?"

அவள் படத்தைத் திருப்பி வைத்துவிட்டாள்.

மாதக் கடைசியில் டீச்சர் நேரடியாக வரும் வகுப்பு உண்டு. பிரேக் அக்கா கேமராவை அணைத்துவிட்டு, ஒட்டுக்கேட்பவள் மாதிரி ஓரமாக உட்கார்ந்திருப்பாள். பாடங்கள் முடியப்போகும் சமயத்தில் டீச்சர் விடவில்லை. "காத்தாடிம்மா, இன்னிக்கு நீங்க படம் காட்டியே ஆகணும்" என்றாள். வேறு வழியில்லாமல் கேமராவைப் போட்டு, அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். டீச்சர் முகம் திரைக்கு நெருங்கி வந்தது. அவளுடைய பூனையும் வந்து பார்த்தது.

"வழிச்சு விட்டிருக்கீங்களே, எதால?"

"வைப்பர் ரப்பர், டீச்சர்."

"பிரமாதம். ஆனா எல்லாப் படத்துலயும் நடுவுல ஏம்மா ரெண்டு கோடு?"

பிரேக் அக்காவுக்குக் குழப்பமாகிவிட்டது. "நீங்கதான சொன்னீங்க? முதல் பாடத்துலயே. ரெண்டு கோடு போட்டு காய விடுங்கன்னு."

வகுப்பில் இருந்த ஒரு பல் டாக்டர், "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"கோட்டும்மா, கோட்டு!" என்றாள் டீச்சர். "சுவருக்கு பெயிண்ட் அடிக்கிறவங்க ஒரு கோட்டு, ரெண்டு கோட்டுன்னு சொல்வாங்களே. பூச்சு! வெள்ளை ப்ரைமர் ரெண்டு பூச்சு! அது இல்லைன்னா அட்டை பெயிண்டைக் குடிச்சிடும், சுருண்டுக்கும்…" அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. சிரித்த சிரிப்பில் கேமரா சாய்ந்து, திரையில் கூரையும் பூனையின் வாலும் மட்டும் தெரிந்தன.

பிரேக் அக்காவின் கால் தரையை அழுத்தியது. கை லேப்டாப்பை மூடியது.

கணவரிடம் சொன்னாள். அவர் முகத்தை ரொம்ப மரியாதையாக வைத்துக்கொண்டு, "இதோ வந்துடறேன்" என்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். குழாயை முழுவேகத்தில் திறந்துவிட்டார். அப்படியும் கேட்டது.

டியூப்களை டப்பாவில் போட்டு மகளின் அறையிலேயே வைத்தாள். கைக்குட்டைப் பின்னலுக்கும் கிடாருக்கும் பக்கத்தில். காத்தாடி பாதியில் விட்டவற்றோடு அம்மா பாதியில் விட்டதும் சேர்ந்துகொண்டது. போனில் அவளும் சேர்ந்திருந்த ஓவிய வகுப்புக் குழுவிலிருந்து செய்திகள் வந்தன. பார்க்கவில்லை. வியாழக்கிழமை லேப்டாப் கத்தியது. கத்தட்டும் என்று விட்டாள். கணவருக்குத்தான் கை ஒடிந்த மாதிரி இருந்தது. துவைக்கப் போட்ட சட்டையின் கிரீஸ் கறையைக் காட்டி, "இதுல ஒரு கொக்கு தெரியுது பாரேன்" என்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். அவள் சட்டையை வாங்கி ஊறப் போட்டாள்.

அந்தச் சமயத்தில் வண்டி பழக ஒரு நர்ஸ் வந்துகொண்டிருந்தாள். சொன்ன சொல் தவறாதவள். 'கண்ணாடியைப் பாரு' என்றால் எந்நேரமும் கண்ணாடியையே பார்ப்பாள். ஒருநாள் காலை, நல்ல நெரிசலில், இவர்கள் வண்டிக்கு முன்னால் ஒரு லாரி அச்சு முறிந்து படுத்துவிட்டது. நர்ஸ் அதன் பின்னால் அழகாக நிறுத்தினாள். நிறுத்தியவள் நகரவில்லை. எதிரே வண்டி எதுவும் வரவில்லை. பின்னால் ஒரு ஊரே ஹாரன் அடித்தது.

"என்னம்மா, போகலாமே?"

"எப்படிக்கா? நடுவுல ரெட்டைக் கோடு."

"லாரி படுத்துடுச்சும்மா. அது இன்னிக்கு எழாது."

"நீங்கதானக்கா சொன்னீங்க? முதல் நாளே. செத்தாலும் ரெட்டைக் கோட்டைத் தாண்டாதேன்னு."

பிரேக் அக்கா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், டேஷ்போர்டில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நிமிர்ந்தபோது நர்ஸின் முகம் சுண்டிப்போயிருந்தது. அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். கொஞ்ச நாள் முன்பு அதைத் தான்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, உன்னைப் பார்த்துச் சிரிக்கலம்மா" என்றாள். "நான் சொன்னதை இவ்வளவு ஒழுங்கா ஒருத்தி கேட்டிருக்காளேன்னு சிரிச்சேன். வீட்டுல கூட யாரும் கேட்டதில்ல."

"அப்ப இப்ப என்ன பண்ணட்டும்?"

"எதிர்ல பாரு. கண்ணாடியைப் பாரு. கையைக் காட்டு. தாண்டு."

"தாண்டவா?"

"பார்த்துட்டுத் தாண்டினா அது தப்பு இல்ல. வழி."

வண்டி மெதுவாகக் கோட்டைத் தாண்டி, லாரியைச் சுற்றி, மறுபடி தன் பக்கத்துக்கு வந்தது. பிரேக் அக்காவின் வலது கால் என்ன செய்தது என்று நர்ஸ் பார்க்கவில்லை. அது இடது காலுக்கு அடியில் மடங்கி உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் குழுவைத் திறந்தாள். டீச்சர் சிரித்த அன்றைக்கே குரல் செய்தி அனுப்பியிருந்தாள்: "காத்தாடிம்மா, கோவிச்சுக்கிட்டீங்களா? இத்தனை பேருக்கு இந்தப் பாடம் நடத்தியிருக்கேன். எல்லாரும் ரெண்டு கோட்டு போட்டாங்க, ஒருத்தரும் ரெண்டு கோடு போடல. நீங்க ரெண்டையும் போடுங்க. கோட்டும் போடுங்க, கோடும் போடுங்க." பின்னணியில் பூனை கத்தியது. அதுவும் மன்னிப்புக் கேட்டது என்று எடுத்துக்கொண்டாள்.

கணவர் லிஃப்ட் கதவு அடைத்து வந்த பெட்டியின் பெரிய பிளைவுட் பலகை ஒன்றைச் சுமந்துவந்து, அறைச் சுவரில் சாய்த்து வைத்தார். வெள்ளை ப்ரைமர் முதல் கோட்டு. காயவிட்டாள். குறுக்குவாட்டில் இரண்டாவது கோட்டு. காயவிட்டாள். பிறகு ஸ்கேல் இல்லாமல், கையாலேயே, சாம்பல் நிறத்தில் ரெண்டு கோடு.

அதன் மேல் நீலத்தை வைத்தபோதுதான் தெரிந்தது, இத்தனை நாள் நிறங்களின் பாதியைத்தான் பார்த்திருக்கிறோம் என்று. நீலம் உள்ளே போகவில்லை. மேலேயே நின்று பளபளத்தது, வழுக்கியது, வைப்பர் பட்டதும் ஓடியது. கிளட்ச் பழகாதவன் கையில் புது வண்டி கொடுத்த கதை. முதல் நாள் எல்லாவற்றையும் துடைத்து மறுபடி வெள்ளை அடித்தாள். அடுத்த நாளும் அதேதான். மூன்றாவது நாள் நீலத்தின் மேல் சாம்பல், சாம்பலைச் சுரண்டிக் கொஞ்சம் வெள்ளை. கோட்டின் இரண்டு பக்கமும் அமைதியாக இருந்தது. ரொம்ப அமைதி. வண்டி நின்றுபோன தெரு மாதிரி.

இண்டிகேட்டர் விளக்கின் ஆரஞ்சைக் குழைத்தாள். வைப்பரின் ஓரத்தில் எடுத்தாள். எதிரில் பார்த்தாள், பக்கத்தில் பார்த்தாள். பெயிண்ட் காயத் தொடங்கியது. இந்த முறை அவள் மறுபடி பார்க்கவில்லை. இடது கீழ்மூலையிலிருந்து ஒரே இழுப்பு. ரெட்டைக் கோட்டைத் தாண்டும்போது ஆரஞ்சு லேசாகத் திக்கியது, பிறகு மெலிந்து, வலது மேல்மூலை வரை போனது.

கணவரைக் கூப்பிட்டாள். அவர் தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். பின்னால் போய்க் கட்டிலில் இடித்துக்கொண்டார்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலையே."

"நல்லா பாருங்க. கழுதை, கிழுதை?"

"இல்லம்மா. ஒண்ணுமே இல்ல." ஆனால் அவர் போகவில்லை. "இரு, இன்னும் கொஞ்ச நேரம் நின்னுட்டு வரேன்" என்றார்.

போட்டோவை மகளுக்கு அனுப்பினாள். ஒரே ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. கட்டைவிரல்கூட வரவில்லை. மலைப்பக்கம் போகிறேன், சிக்னல் இருக்காது என்று காத்தாடி முன்பே சொல்லியிருந்தாள். வாரங்கள் போயின, மழைக்காலம் வந்தது, போனது. எப்போதாவது ஏதோ ஓர் ஊர்த் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டு, "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், வைக்கிறேன்" என்பாள். படத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாது, அம்மாவும் சொல்லவில்லை. சொல்லிக் கேட்டு வாங்குகிற கேள்வியில் என்ன இருக்கிறது?

நடுவில் வகுப்பு முடிந்தது. சான்றிதழ் வந்தது. அதில் அழகான எழுத்தில் 'காத்தாடி' என்று போட்டிருந்தது. கணவர் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். "நம்ம காத்தாடி வாழ்க்கையில முழுசா முடிச்ச ஒரே காரியம். அதையும் நீ முடிச்சிருக்கே" என்றார். பிரேக் அக்கா படம் போடுவதையும், போட்டோ எடுத்து அனுப்புவதையும் விடவில்லை. மகளின் கட்டில் சுவரோரம் நகர்ந்தது, பிறகு நிமிர்ந்து நின்றது, கடைசியில் மாடிப்படிக்கு அடியில் போனது. அட்டைகளும் பலகைகளும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. எல்லாவற்றிலும் ரெண்டு கோட்டு, அதன்மேல் ரெண்டு கோடு. சிலதில் தாண்டினாள், சிலதில் நின்றாள். அது அந்தந்தப் படத்தைப் பொறுத்தது.

நர்ஸுக்கு உரிமம் கிடைத்து, அவள் தங்கச்சி பழக வந்துகொண்டிருந்த ஒரு காலையில், பிரேக் அக்காவின் மடியில் போன் அதிர்ந்தது. அதிர்ந்ததும் கால் தானாக அழுத்தியது. வண்டி நடுத்தெருவில் நின்றது.

"நாய் வந்துச்சாக்கா?" என்றாள் தங்கச்சி.

"ஆமா" என்றாள் பிரேக் அக்கா. "ஓரமா நிறுத்தும்மா." வண்டி ஓரமாக நின்ற பிறகுதான் போனைத் திறந்தாள்.

"அம்மா, மலையை விட்டு இப்பதான் இறங்கினேன். எல்லாம் மொத்தமா வந்து விழுந்துச்சு. விரல் போடலாம்னுதான் திறந்தேன். போட முடியல. பஸ்ஸு ரெண்டு போயிடுச்சு, இன்னும் பார்த்துட்டே நிக்குறேன். ஒரு கேள்வி. அந்த ஆரஞ்சு, கோட்டைத் தாண்டி மேல போகுதே, அது கிளம்பிப் போகுதா, இல்ல திரும்பி வருதா? யோசிச்சுச் சொல்லு. கட்டைவிரல் போட்டா கொன்னுடுவேன். அப்புறம், என் கட்டில் எங்கம்மா?"